மூன்று வயதில் தொடங்கிய பின்தொடர்தல்: டனீடின் ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சின்ன வயதில் அடக்கம் இல்லாத பிள்ளைகள் பெரியவர்களானதும் சிரமப்படுகிறார்கள்", "பதின்ம வயதில் கஞ்சா பிடித்தால் புத்தி மழுங்கும்" என்றெல்லாம் செய்திகளில் படிக்கிறோம். இப்படிப்பட்ட வரிகள் பலவற்றின் மூலத்தைத் தேடிப்போனால் நியூசிலாந்தின் டனீடின் நகரத்தில் போய் நிற்போம். பிள்ளைகளின் வளர்ச்சியை வருடக்கணக்கில் பின்தொடரும் நெடுங்கால ஆய்வுகளில் உலகமே உற்றுப் பார்க்கும் ஒன்று அங்கே நடக்கிறது. பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் அதைப் பற்றிப் பொதுவாகக் கேட்கிற கேள்விகளுக்கான பதில்கள் இவை.

டனீடின் ஆய்வு என்றால் என்ன?

டனீடின் நியூசிலாந்தின் தென்தீவில் உள்ள நடுத்தர நகரம். அங்கே குயின் மேரி மகப்பேறு மருத்துவமனையில் 1972 ஏப்ரல் 1 முதல் 1973 மார்ச் 31 வரை, அதாவது ஒரு முழு வருடத்தில், பிறந்த குழந்தைகளை வைத்து ஃபில் சில்வா என்பவர் தொடங்கிய ஆய்வு இது. குழந்தைகளுக்கு மூன்று வயதானபோது, அந்த வட்டாரத்திலேயே வசித்துவந்தவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். தகுதியானவர்களில் 91 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். மொத்தம் 1,037 குழந்தைகள்.

அதன்பின் 5, 7, 9, 11, 13, 15, 18, 21, 26, 32, 38, 45 வயதுகளில் அவர்களைத் திரும்பத் திரும்ப அழைத்து அளந்திருக்கிறார்கள். 52 வயதுச் சுற்று 2024-இல் தொடங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது ஆள் சேர்த்த விதம். "விருப்பமுள்ளவர்கள் வரலாம்" என்று விளம்பரம் கொடுத்திருந்தால் படித்த, வசதியுள்ள, பிள்ளை வளர்ப்பில் ஏற்கெனவே அக்கறை காட்டுகிற குடும்பங்கள்தான் வந்திருக்கும். இங்கே ஒரு மருத்துவமனையில் ஒரு வருடத்தில் பிறந்து அந்த வட்டாரத்திலேயே வசித்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். பேராசிரியர் வீட்டுப் பிள்ளையும் உண்டு, துறைமுகத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் உண்டு.

ஒரே ஆட்களை ஏன் இத்தனை வருடம் துரத்த வேண்டும்? வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே நாளில் அளந்துவிட்டால் போதாதா?

சில கேள்விகளுக்குப் போதும். எட்டாம் வகுப்பில் எத்தனை பேருக்குக் கண்ணாடி தேவை என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் முகாம் போதும். யார் எப்படி மாறினார்கள் என்று தெரிய வேண்டுமானால் போதாது.

உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 வயது முதல் 17 வயது வரை ஒவ்வொரு வயதிலும் நூறு பையன்களை ஒரே நாளில் அளந்து சராசரி எடுத்தால், சீராக ஏறும் ஒரு சரிவுதான் கிடைக்கும். நிஜத்தில் எந்தப் பையனும் அப்படி வளர்வதில்லை. ஒருவன் 12-இல் திடீரென்று நெடுநெடுவென்று வளர்கிறான், இன்னொருவன் 15 வரை அப்படியே இருந்துவிட்டு ஒரே வருடத்தில் எட்டிப்பிடிக்கிறான். அந்தத் தாவல் சராசரிக்குள் கரைந்துபோகிறது. உயரத்துக்கே இப்படியென்றால் மனநிலை, படிப்பு, நட்பு, பழக்கவழக்கம் ஆகியவற்றில் எவ்வளவு கரைந்துபோகும்! வளரிளம் பருவத்தைப் பற்றிப் பேசும்போது இது மிகவும் முக்கியம். அந்த வயதின் கதையே யார் எப்போது எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்பதுதான்.

பெரியவர்களிடமே "உங்கள் சிறுவயது எப்படி இருந்தது?" என்று கேட்டுவிடலாமே?

இதை டனீடினிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வில் இருந்தவர்களுக்கு 18 வயதானபோது சிறுவயதைப் பற்றிக் கேட்டு, அந்தந்த வயதில் எழுதி வைத்திருந்த பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். 1994-இல் முடிவு வெளிவந்தது. வீடு மாறியது போன்ற கண்ணால் கண்ட விஷயங்களில் நினைவும் பதிவும் ஓரளவு ஒத்துப்போயின. வீட்டில் சண்டை சச்சரவு எப்படி, அம்மாவின் மனநிலை எப்படி, தான் எப்படிப்பட்ட பிள்ளை என்று வந்தபோது பொருத்தம் மிகவும் மோசமாக இருந்தது. பேசியவர்கள் நடுத்தர வயதினர் அல்ல, 18 வயதுக்காரர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

2019-இல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு இன்னும் கனமான விஷயத்தைச் சொன்னது. சிறுவயதில் கொடுமைக்கு உள்ளானதாக அப்போதே பதிவானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், சரியாகச் சொன்னால் 52 சதவீதம், வளர்ந்த பிறகு அதைக் குறிப்பிடவில்லை. பின்னாளில் தனக்கு நடந்ததைச் சொன்னவர்களிலும் ஏறக்குறைய அதே அளவினருக்கு அந்தக் காலத்துப் பதிவு எதுவும் இல்லை. இதைக் காட்டி யாரையும் பொய்யர் என்று சொல்லிவிடக் கூடாது. வீட்டுக்குள் நடப்பது எல்லாமே பதிவேட்டுக்கு வந்துவிடுவதில்லை. நினைவு ஒரு சாட்சி, பதிவு வேறொரு சாட்சி. ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட்டுவிட முடியாது என்பதுதான் பாடம்.

ஒரு சுற்று எப்படி நடக்கும்?

மூன்று வயதில் நடந்ததைச் சொல்கிறேன். குழந்தை முன்பின் அறியாத ஒரு பரிசோதகரோடு சுமார் 90 நிமிடம் உட்காரும். படம் காட்டுவார்கள், சொல் கேட்பார்கள், கை கால் ஓட்டத்தைப் பார்ப்பார்கள். முடிந்தபின் அந்தப் பரிசோதகர் தான் பார்த்ததைத் தாளில் குறிப்பார்: ஒரு இடத்தில் உட்கார்ந்ததா, எடுத்த வேலையை முடித்ததா, சட்டென்று அழுததா, முடியாதபோது கோபப்பட்டதா. அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒருவர் ஒன்றரை மணி நேரம் பார்த்து எழுதிய அந்தக் குறிப்பு, முப்பது வருடம் கழித்துக் கடன், சிகரெட், நீதிமன்றத் தண்டனை ஆகியவற்றோடு வைத்துப் பார்க்கப்பட்டது. எழுதியவருக்கு அன்றைக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. அந்தத் தெரியாமைதான் அந்தக் குறிப்பின் பலம் என்று நினைக்கிறேன். முடிவை மனதில் வைத்துக்கொண்டு யாரும் எழுதவில்லை.

பெரியவர்களான பின் ஒரு முழு நாளோ அதற்கு மேலோ ஆகும். ரத்தம் எடுப்பார்கள். குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலின் பலத்தைப் பார்ப்பார்கள். பல், ஈறு, விழித்திரைப் படம், பிடிபலம், நடை வேகம் எல்லாம் உண்டு. 45 வயதில் மூளை ஸ்கேனும் சேர்ந்தது. நடுநடுவே மூடிய அறையில் நேர்காணல்: குடி, போதைப்பொருள், மனநிலை, தாம்பத்தியம், பணம். ஒரு அறையில் இருப்பவருக்கு அடுத்த அறையில் என்ன தெரிந்தது என்று சொல்ல மாட்டார்கள். பல்லைப் பார்க்கும் மருத்துவருக்கு எதிரில் இருப்பவர் பள்ளியை நடுவில் விட்டவரா, பட்டம் வாங்கியவரா என்று தெரியாது.

இத்தனை வருடம் கழித்தும் ஆட்கள் வருகிறார்களா?

வருகிறார்கள். இந்த ஆய்வில் எனக்குப் பெரிய ஆச்சரியமே அதுதான். 38 வயதில், உயிரோடு இருந்த 1,007 பேரில் 961 பேர் வந்தார்கள். 45 வயதில் 997 பேரில் 938 பேர், அதாவது 94 சதவீதம். இதுபோன்ற பல ஆய்வுகளில் பத்து வருடத்துக்குள்ளேயே கணிசமான பங்கு கரைந்துபோகும்.

கரைந்துபோனால் எண்ணிக்கை குறைவதோடு விஷயம் முடிவதில்லை. முதலில் காணாமல் போகிறவர்கள் யார் என்று பாருங்கள்: அடிக்கடி வீடு மாறுகிறவர்கள், வேலை இல்லாதவர்கள், குடிக்கு அடிமையானவர்கள், சிறையில் இருப்பவர்கள், மனம் நொந்து கதவைச் சாத்திக்கொண்டவர்கள். அவர்கள் போய்விட்டால் மிச்சமிருப்பது நன்றாக வாழ்கிறவர்களின் பட்டியல். அதை வைத்துக்கொண்டு "சிறுவயதுக் கஷ்டம் அப்படியொன்றும் பாதிப்பதில்லை" என்று முடிவு கட்டினால் அது பெரிய பிழை.

டனீடின்காரர்கள் இதைச் சமாளித்த விதம் எளிமையானது, ஆனால் செலவு பிடிப்பது. சிட்னியில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும் பயணச் செலவை ஆய்வுக்குழுவே ஏற்று ஊருக்கு அழைத்து வருகிறது. ஒரு சுற்றுக்கு வராதவரை அடுத்த சுற்றுக்கு மறுபடியும் அழைக்கிறார்கள். 13 வயதுச் சுற்றில் எண்ணிக்கை 850-ஆக இறங்கியது. 15 வயதில் 976-ஆக ஏறியது. போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பதற்கு அந்த இரண்டு எண்களே சாட்சி. எல்லாவற்றுக்கும் மேல், சொன்ன ரகசியம் வெளியே போகாது என்ற நம்பிக்கை. 15 வயதில் "திருடியிருக்கிறாயா? குடித்திருக்கிறாயா?" என்று கேட்டு வாங்கிய பதில் அம்மா காதுக்குப் போயிருந்தால், 18 வயதில் அந்தப் பிள்ளை வந்திருக்குமா?

வளரிளம் பருவத்தைப் பற்றி இந்த ஆய்வு சொன்ன முக்கியமான விஷயம் எது?

என் பார்வையில், தறிகெட்டுத் திரியும் பதின்ம வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை என்பது.

டெரி மொஃபிட் என்ற உளவியலாளர் 1993-இல் இதை எழுதினார். 15 வயதில் இரண்டு பையன்கள் ஒரே கும்பலில் சுற்றுகிறார்கள், ஒரே திருட்டில் மாட்டுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பழைய பதிவுகளைப் புரட்டினால் தெரியும். ஒருவன் மூன்று வயதிலிருந்தே நிலைகொள்ளாதவன். பேச்சும் படிப்பும் பின்தங்கியவை. வீட்டுச் சூழலும் கடுமை. இன்னொருவன் 11, 12 வயது வரை சாதாரணமான பிள்ளை. உடல் வளர்ந்துவிட்டது, ஆனால் பெரியவர்களுக்குள்ள உரிமை எதுவும் கைக்கு வரவில்லை என்ற இடைவெளியில், கூட்டாளிகளைப் பார்த்து இறங்கியவன். டனீடின் ஆண்களில் முதல் வகை சுமார் பத்தில் ஒருவர், இரண்டாம் வகை நான்கில் ஒருவர். முதல் வகையினரின் சிக்கல் பெரும்பாலும் முதிர்வயது வரை தொடர்கிறது. இரண்டாம் வகையினரில் பலர் வேலை, குடும்பம் என்று வந்ததும் விலகிவிடுகிறார்கள்.

"சரி, வயதுக்கோளாறு, தானாகச் சரியாகிவிடும்" என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 26 வயதில் பார்த்தபோது இரண்டாம் வகையினரும் முழுதாக மீண்டிருக்கவில்லை. போதைப் பழக்கமும் பணச் சிக்கலும் பலரிடம் மிச்சமிருந்தன. ஏன்? 2011-இல் வெளியான இன்னொரு டனீடின் கட்டுரையில் விடையின் ஒரு பகுதி இருக்கிறது. பதின்ம வயதில் மூன்று கண்ணிகள் இருப்பதாக அது சொன்னது: 15 வயதுக்குள் புகைக்கத் தொடங்குவது, எந்தச் சான்றிதழும் இல்லாமல் பள்ளியை விட்டுப் போவது, திட்டமிடாமல் சின்ன வயதிலேயே தாயோ தந்தையோ ஆவது. குணம் தானாகப் பின்னாளில் சரியானாலும், அந்த வயதில் மாட்டிய கண்ணியிலிருந்து காலை எடுப்பது சுலபமில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம், ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் "இவன் இருந்தால் மற்றவர்களும் கெட்டுவிடுவார்கள்" என்று டி.சி. கொடுத்து அனுப்பும் பழக்கம்தான் நினைவுக்கு வருகிறது. நாமே தூக்கிக் கண்ணிக்குள் போடுகிறோம். அடங்காத பிள்ளையைப் பதினெட்டு வயது வரை எப்படியாவது பள்ளிக்குள் வைத்திருப்பது, அவனைத் திருத்துவதைவிட முதலில் செய்ய வேண்டிய வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்பதை இந்த ஆய்வு நிரூபித்துவிட்டதா? என் நாலு வயது மகன் ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை.

பயப்பட வேண்டாம். முதலில் அந்த எண்களையே நிதானமாகப் பார்ப்போம்.

மேலே சொன்ன 2011 கட்டுரையில் 3 முதல் 11 வயது வரை பரிசோதகர், பெற்றோர், ஆசிரியர், பிள்ளை என்று பல பேர் சொன்னதைச் சேர்த்து ஒவ்வொருவருக்கும் சுயக்கட்டுப்பாட்டு அளவு ஒன்றைக் கணக்கிட்டார்கள். 32 வயதுக்குள் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்கள் மேல்தட்டில், அதாவது கட்டுப்பாடு மிகுந்த ஐந்தில் ஒரு பங்கினரில், 13 சதவீதம். கீழ்த்தட்டில் 43 சதவீதம். வித்தியாசம் பெரியது, மறுக்க முடியாது. குடும்ப வசதியையும் நுண்ணறிவையும் கணக்கில் எடுத்த பின்னும் சுயக்கட்டுப்பாட்டின் பங்கு மறைந்துவிடவில்லை.

ஆனால் அதே எண்ணை மறுபக்கம் திருப்புங்கள். மிகவும் அடங்காத பிள்ளைகள் என்று குறிக்கப்பட்டவர்களிலும் நூற்றுக்கு 57 பேருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. நன்றாக இருந்தவர்களிலும் 13 பேருக்கு இருந்தது. கூட்டத்தைப் பற்றிச் சொல்ல இந்த எண் போதும். உங்கள் மகனைப் பற்றிச் சொல்லப் போதாது. ஆய்வு முடிவு ஜாதகம் இல்லை. அதோடு, சிறுவயதுக்கும் இளமைக்கும் நடுவில் சுயக்கட்டுப்பாடு கூடியவர்களும் இருந்தார்கள். அவர்களின் வாழ்க்கை எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்தது. அதனால் பழமொழியின் முதல் பாதிக்கு ஆதரவு உண்டு, இரண்டாம் பாதிக்கு இல்லை.

நாலு வயதில் சும்மா இருக்காத பிள்ளை பெரும்பாலும் நாலு வயதுப் பிள்ளைதான். பேச்சு தாமதமாகிறது, எல்லா இடத்திலும் எல்லோரிடமும் இதே சிக்கல் என்றால் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஈயத்தைப் பற்றி ஏதோ கண்டுபிடித்தார்களாமே?

ஆமாம். நெடுங்கால ஆய்வு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

1980-களின் தொடக்கத்தில், ஆய்வுப் பிள்ளைகளுக்கு 11 வயதானபோது, 579 பேரின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்த்தார்கள். சராசரி ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 11 மைக்ரோகிராம். இன்று அமெரிக்காவில் 3.5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டிய அளவு என்கிறார்கள். அன்றைக்கு அது சாதாரணம். காரணம் பெட்ரோல். எஞ்சின் தட்டாமல் ஓட பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார்கள். புகையோடு வெளியேறி, மண்ணில் படிந்து, தெருவில் விளையாடிய பிள்ளைகளின் உடம்புக்குள் போனது.

அமெரிக்காவில் இதை ஆராய்வதில் ஒரு தொல்லை இருந்தது. ஈயம் அதிகம் இருந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள். பழைய வீடு, உதிரும் பெயின்ட், நெரிசலான தெரு. படிப்பில் பின்தங்கியதற்கு ஈயம் காரணமா, வறுமை காரணமா என்று பிரித்தெடுப்பது கடினம். டனீடினில் வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஈய அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லாத் தெருவிலும் கார் ஓடியது. அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்தது.

அவர்களுக்கு 38 வயதானபோது நுண்ணறிவுச் சோதனை வைத்தார்கள். 2017-இல் முடிவு வந்தது: 11 வயதில் ரத்த ஈயம் ஒவ்வொரு 5 மைக்ரோகிராம் கூடியதற்கும் 38 வயது ஐ.க்யூ. சராசரியாக 1.6 புள்ளி குறைவு. தாயின் ஐ.க்யூ., பிள்ளையின் பழைய ஐ.க்யூ., குடும்ப நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்தக் குறைவு தெரிந்தது. பெற்றோர் இருந்த நிலையைவிடக் கீழான வேலைக்கு இறங்கியவர்களும் ஈயம் கூடியவர்களிடையே அதிகம்.

ஒன்றிரண்டு புள்ளி ஒரு தனி ஆளுக்குப் பெரிதாகத் தெரியாது. ஒரு நாட்டின் பிள்ளைகள் எல்லோரிடமிருந்தும் அதை எடுத்தால் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். நியூசிலாந்து 1996-இலும் இந்தியா 2000-இலும் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டன. கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. பழைய பேட்டரி உருக்கும் பட்டறைகளிலும், சில பெயின்ட்டுகளிலும், நிறத்துக்காகக் கலப்படம் செய்த மஞ்சள் தூளிலும் ஈயம் இன்னமும் இருக்கிறது.

மனநலத்தைப் பற்றி?

45 வயது வரையிலான பதிவுகளைப் பார்த்தபோது, 86 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு மனநலக் கோளாறின் வரையறைக்குள் வந்திருந்தார்கள். 59 சதவீதம் பேருக்கு அது வளரிளம் பருவம் முடிவதற்குள்ளேயே தலைகாட்டிவிட்டது. ஒரு தடவை மட்டும் கேட்கும் கணக்கெடுப்புகளில் இவ்வளவு வராது. பத்து வருடத்துக்கு முந்தைய மனச்சோர்வை ஆட்களே மறந்துவிடுகிறார்கள்.

பிள்ளைக்கு மனநல மருத்துவர் வேண்டியிருக்கிறது என்றதும் "எங்கள் பரம்பரையில் யாருக்கும் இது இல்லையே" என்று ஒடிந்துபோகும் பெற்றோருக்கு இந்த எண்ணைச் சொல்ல ஆசைப்படுகிறேன். எந்தக் கோளாறும் எட்டிப்பார்க்காதவர்கள்தான் சிறுபான்மை. 14, 15 வயதில் தெரிவதை அப்போதே கவனிப்பது நல்லது.

டிவி, செல்போன்?

5 முதல் 15 வயது வரை வார நாட்களில் அதிக நேரம் டிவி பார்த்தவர்களுக்கு 26 வயதில் உடல் பருமன், குறைந்த உடல் திறன், புகைப்பழக்கம், கூடிய கொலஸ்ட்ரால் ஆகியவை அதிகம் இருந்தன என்று 2004-இல் எழுதினார்கள். செல்போனைப் பற்றி இந்தத் தலைமுறையிடம் எதுவும் கேட்க முடியாது. அவர்களின் பள்ளிக்காலத்தில் அது இல்லை. அதற்குப் புதிய ஆய்வுகள் வேண்டும். அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் சுமார் 11,880 பேரை 2016 முதல் சேர்த்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூளை ஸ்கேனும் எடுத்துப் பின்தொடரும் ஆய்வு அப்படிப்பட்டது. நியூசிலாந்திலேயே 2009, 2010-இல் பிறந்த 6,800-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை இன்னொரு குழு பின்தொடர்கிறது.

டனீடின் சொன்ன எதுவும் தவறாகிப் போனதில்லையா?

உண்டு. அதையும் சொல்லாமல் இந்த ஆய்வைப் புகழ்வது நேர்மையாகாது.

2003-இல் பெரும் பரபரப்போடு வந்த முடிவு ஒன்று. மூளையில் செய்தி கடத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருள் தொடர்பான ஒரு மரபணுவின் குறிப்பிட்ட வடிவம் இருப்பவர்கள், வாழ்க்கையில் அடி விழுந்தால் எளிதில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள் என்றது. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அதன்மேல் எழுந்தன. 2019-இல் மிகப் பெரிய எண்ணிக்கையில் ஆட்களை வைத்துப் பார்த்தபோது அதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. ஆயிரம் பேரை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும், மரபணு விஷயத்தில் ஆயிரம் என்பது சின்ன எண்.

இன்னொன்று கஞ்சா. பதின்ம வயதில் தொடங்கி விடாமல் புகைத்தவர்களுக்கு 38 வயதுக்குள் ஐ.க்யூ. சுமார் 8 புள்ளி இறங்கியதாக 2012-இல் வந்தது. நீண்ட காலம் கஞ்சாவுக்கு அடிமையானவர்கள் என்ற அந்தப் பிரிவில் இருந்தவர்கள் 40-க்கும் குறைவு. பின்னால் அமெரிக்காவில் இரட்டையர்களை வைத்து, ஒருவர் புகைத்து மற்றவர் புகைக்காத ஜோடிகளை ஒப்பிட்டார்கள். இருவருக்கும் இடையே ஐ.க்யூ. இறக்கத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இறக்கத்துக்குக் கஞ்சாவைவிடக் குடும்பமும் சூழலும் காரணமாக இருக்கலாம் என்ற பக்கம் அது கையைக் காட்டுகிறது. விவாதம் முடியவில்லை. பதின்ம வயதில் கஞ்சா வேண்டாம் என்பதற்கு மனநோய் அபாயம் உட்பட வேறு காரணங்கள் போதுமான அளவு உண்டு. அதற்காக உறுதியாகாத ஒரு எண்ணைச் சுவரொட்டியில் போட வேண்டியதில்லை.

வெள்ளைக்காரர் ஊரில் கண்டது நமக்குப் பொருந்துமா?

எல்லாமே பொருந்தாது. டனீடின் பிள்ளைகளில் பெரும்பான்மையினர் ஐரோப்பிய வம்சாவளியினர், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் 7.5 சதவீதம்தான். பள்ளியும் மருத்துவமும் அரசுச் செலவில் கிடைத்த நாடு. அங்கே 'ஏழை' என்பதும் நம் ஊரில் 'ஏழை' என்பதும் ஒன்றல்ல.

நம் பக்கத்திலும் நெடுங்கால ஆய்வுகள் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. வேலூரில் 1969 முதல் 1973 வரை நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலும், சிறுவயதிலும், வளரிளம் பருவத்திலும் அளந்து, இருபதுகளின் கடைசியில் 2,218 பேரை மறுபடி கண்டுபிடித்துச் சர்க்கரையும் பார்த்தார்கள். டெல்லியில் அதே காலத்தில் பிறந்த 1,492 பேரையும் அப்படிப் பார்த்தார்கள். பிறந்தபோதோ கைக்குழந்தையாகவோ ஒல்லியாக இருந்து, பின்னால் வேகமாக எடை ஏறியவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல் என்ற பக்கமே இந்த வகை ஆய்வுகள் காட்டுகின்றன. புனேக்கு அருகே ஆறு கிராமங்களில் 1993-இல் தொடங்கிய ஆய்வு இதற்கு இன்னொரு துண்டைச் சேர்த்தது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எலும்பும் தசையும் குறைந்திருந்த அளவுக்கு நம் குழந்தைகளின் உடம்பில் கொழுப்பு குறையவில்லை. மைசூரில் 1997, 1998-இல் 830 கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரைச் சோதனை செய்து, பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், ஒன்பதரை வயதிலேயே கொழுப்பும் இன்சுலினும் கூடியிருந்தன. ஒன்றுபட்ட ஆந்திராவில் சுமார் 3,000 பிள்ளைகளை 2002 முதல், எத்தியோப்பியா, பெரு, வியட்நாம் பிள்ளைகளோடு சேர்த்து, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று பின்தொடர்கிறது.

இவற்றில் உடம்பைப் பற்றிய செய்தி நிறைய. டனீடினில் கேட்டதுபோல் மனதைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் கேட்டது குறைவு. அந்தக் குறை எனக்கு உறுத்துகிறது. நம் ஊரில் பின்தொடர்வதில் தனிச் சிக்கலும் உண்டு: பெண் பிள்ளை கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிறாள், முகவரி மட்டுமல்ல, இனிஷியலும் மாறிவிடுகிறது. புகுந்த வீட்டு வாசலில் போய் "உங்கள் மருமகளின் ரத்தம் வேண்டும்" என்று கேட்கும் களப்பணியாளரின் பாடு சாதாரணமானதல்ல.

என் பிள்ளையை இப்படி ஒரு ஆய்வில் சேர்க்கச் சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பெயரும் தரவும் தனித்தனியாக வைக்கப்படுமா, ரத்தத்தையும் உமிழ்நீரையும் எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், பின்னாளில் வேறு சோதனைக்குப் பயன்படுத்தினால் கேட்பார்களா, எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாமா, விலகினால் வழக்கமான சிகிச்சையில் குறை வருமா என்றும் கேளுங்கள். பரிசோதனையில் ஏதாவது கோளாறு தெரிந்தால் உங்களிடம் சொல்வார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில ஆய்வுகள் சொல்லும், சில சொல்லா.

பிள்ளையையும் கேட்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள்படி, பெற்றோரின் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளையின் வாய்மொழிச் சம்மதமும், அதற்கு மேல் 18 வரை எழுத்துச் சம்மதமும் வேண்டும். 13 வயதுப் பெண் "எனக்கு வேண்டாம்" என்றால், அப்பா கையெழுத்துப் போட்டிருந்தாலும், விட்டுவிட வேண்டும். பிள்ளை தனி அறையில் சொன்னதைப் பெற்றோர் கேட்டுத் துருவக் கூடாது. ஆபத்து ஏதாவது தெரிந்தால் அதைக் கையாளும் முறை ஆய்வுக்குழுவிடம் இருக்க வேண்டும். அது என்ன என்று முன்கூட்டியே கேட்டுவிடலாம்.

இப்போது டனீடினில் என்ன நடக்கிறது?

2000 முதல் ஆய்வை வழிநடத்திய ரிச்சி போல்ட்டன் 2023-இல் காலமானார். அவருக்குப் பின் மொவானா தியடோர் பொறுப்பேற்றார். 52 வயதுச் சுற்றோடு, ஆய்வு உறுப்பினர்களின் பிள்ளைகளையும் 15 வயதானதும் அழைத்து, பெற்றோரிடம் அந்த வயதில் கேட்டதுபோலவே அவர்களிடமும் கேட்கிறார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு தலைமுறையின் 15 வயதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இனிமேல்தான் முழுதாகக் கைக்கு வரப்போகிறது.